மூன்றாவது வரிசை, ஒற்றை இருக்கை

நீங்கள் பைகளை எண்ணினீர்கள். ஆட்களை எண்ணவில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை ஒரு பெண்ணை மழையில் விட்டுவிட்டு வண்டி கிளம்பியது. மறுநாள் காலையில், அவள்தான் நேரத்துக்கு வரவில்லை என்று எழுதினீர்கள். அது பொய்.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. இருபத்தெட்டு வருடம் தையல் மெஷின்களுக்கு நடுவில் நின்று கத்திப் பேசியே பழகியவள் நான். வாசிக்கிறவர்களுக்கு யார் யாரென்று சொல்லிவிடுகிறேன். ‘நீங்கள்’ என்பது எங்கள் வண்டியின் முன்சீட்டுக்காரர். காரைக்குடிப் பக்கம். ஒரு சாயத் தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளர். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் அவருடையது. வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது எல்லாம் அவர் சொல்வதுதான். ‘அவள்’ என்பது காரைக்காலிலிருந்து வந்த பெண். எங்கள் தொழிற்சாலையில் துணி பரிசோதிக்கும் லேபில் வேலை. அந்த வண்டியில் இடம் இருந்தால் அவளுக்கு வேலை உண்டு. இடம் இல்லையென்றால் வேலை இல்லை. எதற்காக இத்தனை கோபம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நான் சைகோனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஊரில் எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. “ஃபாரின்ல இருக்கேன்ற, ஒரு கார்கூட வாங்கலியா நீ?” என்று என் தம்பி வண்ணாரப்பேட்டையிலிருந்து இன்னும் கேட்கிறான். வாங்கினால் எங்கே நிறுத்துவது? நான் குடியிருப்பது டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று யாராவது வீட்டு வாசலில் ஏறி ஒதுங்க வேண்டும். தலைக்கு மேல் விமானம் போகும். அதன் வயிற்றில் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். ஆனால் தெருமுனைக் கடைக்கு ஒரு கார் வர முடியாது.

அதனால் அடுத்தவர் வண்டியில்தான் என் காலம் போகிறது. பைக் டாக்சியை இங்கே ஸே ஓம் என்பார்கள். கட்டிப்பிடி வண்டி என்று அர்த்தம். நான் இதுவரை யாரையும் கட்டிப்பிடித்தது இல்லை. பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஹெல்மெட் தருவார்கள். முந்தைய ஆளின் வியர்வை, முந்தைய ஆளின் ஷாம்பு, யாரோ புகைத்த சிகரெட் எல்லாம் அதற்குள் இருக்கும். ஆரம்பத்தில் கைக்குட்டையைத் தலையில் போட்டு அதன் மேல் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது மாதம் அதையும் விட்டுவிட்டேன். மழை வந்தால் ஓட்டுகிறவர் தன் மழைக்கோட்டின் பின்பகுதியை என் தலைக்கு மேல் போட்டுவிடுவார். உள்ளே ஒரே நீல இருட்டு. அவர் முதுகு தெரியும், கீழே ஓடுகிற தண்ணீர் தெரியும். எந்தத் தெருவில் போகிறோம் என்றே தெரியாது.

வண்டிக்காக நிற்பதுதான் எனக்கு ஆகாது. போனில் இருக்கும் ஆப்பில் ஓட்டுநர் இரண்டு நிமிடத்தில் வருவார் என்று காட்டும். இரண்டு நிமிடத்தில் சந்து முனைக்கும் வீட்டுக்கும் நான்கு முறை நடந்துவிடுவேன். எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பாள். நாய்க்குட்டிகூட இப்படி அலையாது என்று சொல்கிறாள் என ஒருநாள் தெரிந்தது. கோபப்படவில்லை. உண்மைதானே.

இப்படி இருக்கிறவர்களுக்கு அந்த வேன் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். பின் யுவோங்கில் எங்கள் தொழிற்பேட்டை. வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே பேட்டையில் மூன்று தொழிற்சாலைகளில் தமிழர்கள் சிதறிக் கிடந்தோம். ஆளுக்கொரு பஸ், ஆளுக்கொரு பைக். மூன்று இடத்துக்கும் நடந்து போய்ப் பேசி, ஓட்டுநரைப் பிடித்து, ஒரு பதினாறு இருக்கை வேனை மாத வாடகைக்கு அமர்த்தியவர் நீங்கள்தான். அதை மறுக்க மாட்டேன். காலையில் டோங் டு பள்ளிவாசல் பக்கம் முதல் ஆள் ஏறுவார். ஆறு பத்துக்கு எங்கள் முனை. ஏழேகாலுக்குப் பேட்டை. ஓட்டுநரைக் கழித்தால் பதினைந்து பேர். காரைக்கால், சென்னை, தேவகோட்டை, ஒருத்தர் மட்டும் தூத்துக்குடி.

ஓட்டுநர் வியட்நாம்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இங்கே அப்பாவைவிட இளையவரை ‘சூ’ என்பார்கள். நம் சித்தப்பா மாதிரி. நம்மாட்கள் அதோடு நிறுத்துவார்களா? ‘சூ அண்ணே’ ஆக்கிவிட்டார்கள். சித்தப்பாவும் அவரே, அண்ணனும் அவரே. அவருக்குத் தமிழில் மூன்று சொற்கள் தெரியும். ஏறு, உக்காரு, போலாமா. மூன்றுமே அவர் வாயில் கேள்வி மாதிரிதான் வரும்.

சாயங்காலம் பேட்டையின் பெரிய வாசலுக்கு வெளியே வண்டி நிற்கும். பக்கத்தில் ஒரு காபித் தள்ளுவண்டி. மூன்று தொழிற்சாலையிலிருந்தும் நடந்து வருகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். வேன் ஜன்னல் வழியாகப் பையை எறிந்துவிட்டு, பாலும் ஐஸும் போட்ட காபியை வாங்கிக்கொண்டு நின்று அரட்டை அடிப்பார்கள். இடம் எல்லோருக்கும் இருக்கிறது. ஒருவரும் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் பை போட்டால்தான் மனசு ஆறும். வெயில் படாத பக்கத்துக்குப் போட்டி, ஏசி நேராக அடிக்கிற வரிசைக்குப் போட்டி. சூ அண்ணன் முதலில் இதைப் பார்த்து வாய் பிளந்து நின்றார். பிறகு அவரே கைநீட்டிப் பைகளை வாங்கி வைக்க ஆரம்பித்தார்.

அவர் செய்த ஒரு நல்ல காரியத்தை நீங்கள் நிறுத்தினீர்கள். ஆரம்பத்தில் கிளம்பும்முன் அவர் திரும்பி, ஆள்காட்டி விரலை நீட்டி, மோத், ஹாய், பா என்று ஒவ்வொரு தலையாக எண்ணுவார். உங்களுக்கு அது பிடிக்கவில்லை.

“விரல நீட்டித் தலைய எண்ணாதீகப்பா. ஆகாது. எங்க ஊர்ல ஆட்டத்தேன் அப்புடி எண்ணுவாக” என்றீர்கள்.

“அவருக்கு இன்னா தெரியும், எண்ணட்டுமே” என்றேன் நான்.

“ஆச்சி, நீங்க சும்மா இருங்க. பத்து மாசமாப் பிள்ளய வயித்துல வச்சிருக்க ஒருத்தி பின்னாடி உக்காந்திருக்கு. கண்ணு பட்டா நீங்களா பொறுப்பு?”

“யாருய்யா ஆச்சி? என்ன பாத்தா ஆச்சி மாதிரியா கீது?”

வண்டியே சிரித்தது. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணும் சிரித்தாள். சைகையில் காட்டி சூ அண்ணனுக்குப் புரியவைத்தீர்கள். விரலை மடக்கி, கையைக் கூப்பி, வேண்டாம் என்றீர்கள். மனிதர் பயந்துபோய் அன்றிலிருந்து எண்ணவே இல்லை. எண்ணுகிற வேலை உங்களுக்கு வந்தது. நீங்கள் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பீர்கள். ஆட்கள் பாதிப்பேர் இன்னும் காபி வண்டியிடம் நிற்பார்கள். ஒவ்வோர் இருக்கையிலும் ஒன்று பை இருக்கும், இல்லையென்றால் ஆள் இருக்கும். “எல்லாம் நெறஞ்சிருச்சு, ஏறுங்க வெரசா” என்பீர்கள். பை இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. எங்களில் ஒருவரும் அது தப்பு என்று சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அவள் வண்டிக்கு வந்தது போன வருடம். என் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி அறை எடுத்திருந்தாள். வந்த முதல் மாதமே ஸே ஓமில் போய் ஈர ரோட்டில் வழுக்கி, இடது மணிக்கட்டு இரண்டாக உடைந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பைக் என்றாலே அவளுக்கு உடம்பு நடுங்கும். ஒருமுறை நான் கூட இருந்து ஏற்றிப் பார்த்தேன். கிளம்புவதற்கு முன்பே இறங்கிவிட்டாள். பஸ்ஸில் வரலாம். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் ஏழே ஐம்பதுக்குத்தான் பேட்டைக்கு வர முடியும். ஏழு இருபதுக்கு லேபைத் திறந்து, அடுப்புகளைச் சூடேற்றி, முதல்நாள் துவைத்த மாதிரித் துணிகளை உள்ளே வைக்க வேண்டியவள் அவள்தான். அவள் வராமல் அன்றைய பரிசோதனை ஆரம்பிக்காது. ஊரில் அம்மாவும், பள்ளிக்கூடம் போகும் மகளும் இந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள்.

வேனில் ஒரு பக்கம் இரட்டை இருக்கைகள், கதவுப் பக்கம் ஒற்றை இருக்கைகள். மூன்றாவது வரிசை ஒற்றை இருக்கைதான் அவளுக்கு வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் தூக்கத்தில் கை மேல் சாய்ந்துவிடுவார்கள். கை வலிக்கும். அதற்காக அந்த இடம்.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்தது. மூன்றே காலுக்கு வண்டி. வானம் கறுத்துக்கிடந்தது. நான் கிளம்பும்போது லேப் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

“அக்கா, ஒரு துணி தேய்மான மெஷின்ல ஓடிக்கிட்டு இருக்கு, அஞ்சு நிமிஷந்தான். என் பையக் கொண்டுபோய் இடத்துல போட்டுருங்களேன்.”

“போன எடுத்துக்கடி.”

“லேபுக்குள்ள போன் கூடாதுக்கா, பையிலதான் இருக்கு. இருக்கட்டும், ஓடியாந்துருவேன்.”

பையை வாங்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊர் மழைக்குத் தூறல், சாரல் என்ற முன்னுரை எல்லாம் கிடையாது. ஒரேயடியாகக் கொட்டும். காபி வண்டிக்காரி குடையைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். எல்லோரும் வண்டிக்குள் பாய்ந்தோம். அவள் பையை மூன்றாவது வரிசை ஒற்றை இருக்கையில் போட்டேன். நான் கடைசி வரிசைக்குப் போனேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னைக்காரர் தன் குடையை என் செருப்புக்கு மேல் வைத்தார்.

“யோவ், கொடைய அந்தப் பக்கம் வை. கால்ல ஊத்துது.”

“அக்கா, மழைலதான வந்தே? இந்தத் தண்ணிதான் சுட்டுடப் போவுதா?”

“எடுன்றேன்ல.”

இந்தச் சண்டையில் நான் இருந்தேன். ஜன்னல் எல்லாம் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. இருக்கைகளின் முதுகில் ஈரமான மழைக்கோட்டுகள் தொங்கின. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். “நெறஞ்சிருச்சு. தண்ணி தேங்குறதுக்குள்ள பாலத்தத் தாண்டணும். விடச் சொல்லு” என்றீர்கள். சூ அண்ணன் திரும்பினார். அவர் விரல் பாதி நீண்டது. பிறகு உங்களைப் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார்.

“போலாமா?” என்றார்.

“போலாம்” என்று நாலைந்து பேர் கத்தினார்கள். அதில் என் குரலும் இருந்தது.

பிறகு நான் தூங்கிவிட்டேன். இதை மறைக்க மாட்டேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கினேன். எங்கள் முனையில் வண்டி நின்றபோதுதான் எழுந்தேன். இறங்கப் போகும்போது அந்த இருக்கையைப் பார்த்தேன். பை இருந்தது. ஆள் இல்லை. தொங்கிய மழைக்கோட்டு இருக்கையின் பாதியை மூடியிருந்தது. அதனால் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

“இவ எங்க?” என்றேன்.

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கேக்குறேன்ல, எங்க அவ?”

“இந்தா, பை இருக்குல்ல” என்றீர்கள் நீங்கள். பை இருக்கிறது என்று பதில் சொன்னீர்கள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

“பை கீதுய்யா! ஆளு இல்ல! திருப்பு வண்டிய.”

“இந்த ட்ராஃபிக்குலயா? இன்னும் ஆறு பேர எறக்கி விடணும் ஆச்சி. அது சின்னப் புள்ளயா? ஏதாச்சும் வண்டியப் புடிச்சு வந்திருக்கும்.”

“எத்த வெச்சிப் புடிப்பா? போனு, பர்ஸு எல்லாம் இதுக்குள்ள கீது.”

சூ அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புரிந்ததும் முகம் மாறிவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டுத் தானே திரும்பிப் போவதாகக் கையால் காட்டினார். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆப்பில் மூன்று பேர் ஏற்றுக்கொண்டு மூன்று பேரும் ரத்து செய்தார்கள். மழை, தூரம். சந்து முனையில் ஒரு கிழவர் இன்னும் பழைய முறையில் ஸே ஓம் ஓட்டுகிறார். ஆப்பும் கிடையாது, ஆப் ஓட்டுநர்கள் போடும் பச்சைச் சட்டையும் கிடையாது. பைக்கின் மேல் படுத்து நாளிதழ் படிப்பார். அவரிடம் பின் யுவோங் என்றேன். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். ஹெல்மெட்டை நீட்டினார்.

முக்கால் வழி அவர் மழைக்கோட்டுக்குள் இருந்தேன். இரண்டு பையையும் மடியில் இறுக்கிக்கொண்டு, முதுகையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டே போனேன். அன்றுதான் முதல்முறையாக ஒரு ஸே ஓம்காரரைக் கட்டிப்பிடித்தேன். லாரிகள் பக்கத்தில் போகும்போதெல்லாம் பிடித்தேன். அவள் பையிலிருந்த போன் நடுவில் ஒருமுறை அடித்தது. எடுக்க முடியவில்லை. அவள் மகளாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் மகள்தான்.

பேட்டை வாசலில் காவலாளியின் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். காவலாளி தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தார். அவர் கொடுத்த நூடுல்ஸ் கிண்ணம் அவள் மடியில் ஆறிப்போயிருந்தது.

“அக்கா, பை இருக்கா?”

“கீதுடி.”

“நான் ஓடியாந்தேன்க்கா. வண்டியோட பின்னாடி லைட்டுத் தெரிஞ்சிச்சு. கைய ஆட்டுனேன். மழையில தெரியல போலருக்கு.” கொஞ்ச நேரம் கிண்ணத்தைக் கிளறினாள். “அப்ப மூணேகாலு இன்னும் ஆவலையேக்கா? மூணு ஒம்பதுக்குக் கேட்டுல கார்டு போட்டுட்டேன். நாலு நிமிஷத்துல வந்துட்டேன். நேரம் மாத்திட்டாங்களா?”

மாற்றவில்லை என்றேன். இரண்டு பஸ் மாறித் திரும்பினோம். இரண்டாவது பஸ்ஸில் இடம் இல்லை. உடைந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் நின்றே வந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை போனில் நம் வண்டிக் குழுவில் நீங்கள் எழுதினீர்கள். அப்படியே சொல்கிறேன். “நேற்று ஒருவர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பத்து நிமிடம் காத்திருந்துதான் எடுத்தோம். அவரால் எல்லோருக்கும் மன உளைச்சல். திங்கள் முதல் அவர் வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளவும்.” அதற்குக் கீழே கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்தன. பதினொன்று.

பத்து நிமிடம் காத்திருந்தீர்களா? அதே குழுவில் மேலே தள்ளிப் பார்த்தேன். வீட்டில் இருப்பவர்களுக்காக நீங்கள் தினமும் ஒரு வரி போடுவீர்கள். சனிக்கிழமையும் போட்டிருக்கிறீர்கள். “எல்லாரும் ஏறியாச்சு, கிளம்பியாச்சு.” நேரம் மூன்று பதினொன்று. மூன்றேகாலுக்கு நான்கு நிமிடம் முன்னால்.

பார்த்தேனே தவிர நான் எழுதவில்லை. கட்டைவிரல் போடவில்லை, அவ்வளவுதான். அது ஒரு பெருமையா? எனக்கும் அந்த இடம் வேண்டும். ஐம்பத்தொரு வயதில் தினமும் இரண்டு பஸ் மாற எனக்கும் பயம். திங்கட்கிழமை வண்டியில் ஏறினேன். மூன்றாவது வரிசை ஒற்றை இருக்கையில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். உங்கள் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த மேலாளர். அவருக்கு இடம் வேண்டும் என்று ஒரு மாதமாகவே நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவு வந்தது. அதற்காகத்தான் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு போய்வந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் உள்ளே மாறத் தோன்றும், உள்ளே உட்கார்ந்தால் ஜன்னலுக்கு மாறத் தோன்றும். சென்னைக்காரர்கூட, “இன்னாக்கா, சீட்ல எறும்பு கீதா?” என்றார். நெடுஞ்சாலையில் சில நாள் அவள் நிற்கும் பஸ்ஸை எங்கள் வண்டி தாண்டிப் போகும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் அவளுக்குக் கடிதம் கொடுத்தார்கள். தொடர்ந்து தாமதம், எழுத்து மூலம் எச்சரிக்கை. இந்த மாதக் கடைசியில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. நேரத்துக்கு வர உறுதியான ஏற்பாடு இருந்தால்தான் புதுப்பிப்பார்கள் என்று எழுதியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் கடிதத்தை என்னிடம் காட்டினாள். மடித்து வைத்தாள். “ஊறுகா வேணுமாக்கா?” என்று கேட்டாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடுத்த நாள் காலை வண்டியில் எழுந்து நின்றேன். எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

“அவ பைய அந்த எடத்துல போட்டவ நானு. அத்த ஆளுன்னு எண்ணுனது நீங்க. மூணு பதினொண்ணுக்கு வண்டிய எடுத்துட்டு, பத்து நிமிஷம் நின்னேன்னு எழுதினீங்க. அவ சீட்ட திருப்பிக் குடுங்க.”

நீங்கள் திரும்பவே இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள். “முடிஞ்சு போனத எதுக்கு ஆச்சி கிண்டுறீக? உக்காருங்க, வண்டி ஆடுது.”

“அப்போ என் சீட்ட அவளுக்குக் குடுங்க. நான் பஸ்ல வர்றேன்.”

“அதேன் முடியாதுங்கறேன். இன்னைக்கு நீங்க குடுப்பீக, நாளைக்கு இன்னொருத்தர் குடுப்பாக. இது என்ன கல்யாணப் பந்தியா, எடம் மாத்தி எடம் மாத்தி உக்கார?”

சிலர் சிரித்தார்கள். சென்னைக்காரர் சிரிக்கவில்லை, குனிந்துகொண்டார். சிக்னலில் வண்டி நின்றது. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். சூ அண்ணன் பின்னாலிருந்து “ஏறு? ஏறு?” என்று கூப்பிட்டார். நான் ஏறவில்லை.

அன்றிலிருந்து நானும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் போகிறோம். என் வேலை எட்டு மணிக்குத்தான். எனக்குத் தாமதம் இல்லை. அவளுக்கு ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் தாமதம். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கும்போது அவள் கடிகாரத்தைப் பார்க்கிறாள். நான் எழுந்து ஓட்டுநர் பக்கம் போய் நிற்கிறேன். நான் நின்றால் வண்டி வேகமாகவா போகும்? ஆனாலும் உட்கார முடியவில்லை.

போன வியாழக்கிழமை காபி வண்டியிடம் சூ அண்ணனைப் பார்த்தேன். என் இடத்தில் இப்போது யார் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை வியட்நாம் மொழியில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இரு கைகளையும் சதுரமாகக் காட்டினார், தோளில் மாட்டுவதுபோலக் காட்டினார். பை. உங்கள் பை. தினமும் காலையில் பின்னால் வந்து என் இருக்கையில் உங்கள் பையை வைக்கிறீர்களாம். கோபம் தீர்ந்து நான் வருவேன் என்று இடம் பிடித்து வைக்கிறீர்களாம். மோசமான ஆள் இப்படிச் செய்ய மாட்டார். அதனால்தான் கோபம் இன்னும் கூடிவிட்டது. வராத எனக்காக ஒரு பை தினமும் முப்பது கிலோமீட்டர் உட்கார்ந்து போகிறது. வர வேண்டியவள் பஸ்ஸில் நிற்கிறாள்.

எனக்கு இடம் பிடிக்க வேண்டாம். அந்தப் பையை எடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே நம்மாட்கள் கூடும் கோவிலில் அன்னதானம். வண்டியில் வருகிற எல்லோரும் இருப்பார்கள், எங்கள் தொழிற்சாலை மேலாளரும் சாப்பிட வருவார். இலை எடுத்ததும் நான் எழுந்து நின்று, பையைப் போட்டவள் நான், தூங்கியவள் நான் என்று சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு நீங்கள் எழுந்திருங்கள். எனக்குப் போன் செய்ய வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். குழுவில் எழுதியது பொய் என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை ஆறு பத்துக்கு எங்கள் முனையில் அவளை ஏற்றிக்கொள்வீர்களா மாட்டீர்களா என்று சொல்லுங்கள். அன்றைக்கு மூன்று பதினொன்றுக்கு “எல்லாரும் ஏறியாச்சு” என்று எழுதினீர்களே, அப்போது நீங்கள் எண்ணியது யாரை? எல்லோரும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.